பையன்கிட்ட சொல்லலாமா, வேண்டாமா?



ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. கண்புரை அறுவை முடிந்து இப்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பிள்ளையார்பாளையத்தில் தறிக் குடும்பம். பேரைச் சொல்லப் போவதில்லை. அவள் மகன் கடற்படையில் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. இப்போது கப்பலில், வெளிநாட்டுப் பக்கம். அவன் ஊரில் இருந்தவரை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை போட்டவன். கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது, உங்களுக்கெல்லாம் தெரியும். அவன் போன பிறகு அந்த இடத்தில் இவள்தான் உட்காருகிறாள்.

வந்தவள் காபியைக்கூடத் தொடவில்லை. "சார், அவருக்கு நெஞ்சுல அடைப்புன்னு சொல்லிட்டாங்க. பைபாஸ் பண்ணணுமாம். பையன்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு வீட்ல சண்டை. நீங்க சொல்லுங்க சார்" என்றாள்.

முப்பத்தி நாலு வருஷம் வரலாறு நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது? உடனே பதில் சொல்ல முடியவில்லை. "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு நான் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பல பேர் வீட்டில் பிள்ளைகள் ராணுவத்திலும் கப்பலிலும் இருக்கிறார்கள். பயன்படலாம்.

முதலில் நினைவுக்கு வந்தது நம் வைகுண்டப் பெருமாள் கோயில். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷா வருஷம் அங்கே நடத்தியே கூட்டிக்கொண்டு போவேன். திருச்சுற்று மண்டபச் சுவரில் பல்லவர் கதை வரிசையாகச் சிற்பமாக இருக்கும், சிலவற்றின் கீழே எழுத்தும் இருக்கும். "சார், எப்ப சார் சாப்பாடு?" என்று கேட்டவர்கள் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அதில் ஒரு கதை. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோனான். காஞ்சியிலிருந்து அமைச்சர்களும் கடிகையாரும் இரணியவர்மனைத் தேடிப் போய், அரசாள ஒரு பிள்ளையைக் கொடு என்று கேட்டார்கள். அவனுக்கு நாலு பிள்ளைகள். மூத்தவர்கள் மூன்று பேரும் மாட்டேன் என்றார்கள். கடைசிப் பிள்ளை பல்லவமல்லன் "நான் போகிறேன்" என்றான். வயசு 12. அப்பன் மனசு ஒப்பவில்லை. தரணிகொண்டபோசர் என்ற பெரியவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் அனுப்பினான். மலையும் ஆறும் காடும் கடந்து வந்த அந்தப் பையன்தான் இரண்டாம் நந்திவர்மன். அறுபது வருஷத்துக்கு மேல் ஆண்டான். அந்தக் கோயிலைக் கட்டியவனும் அவன்தான்.

பிள்ளைகளிடம் நான் எப்போதும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றித்தான் பேசினேன். அனுப்பிவிட்டு அங்கேயே நின்ற அப்பனைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை. அதற்கு இத்தனை வயசாக வேண்டியிருந்தது.

இரண்டாவது, முதலாம் நரசிம்மவர்மன் காலத்துக் கதை. ஏழாம் நூற்றாண்டு. இலங்கை இளவரசன் மானவம்மன் நாட்டை இழந்து காஞ்சியில் வந்து தங்கியிருந்தான். அவனுக்கு ஆட்சியை மீட்டுத் தர நரசிம்மவர்மன் கடல் கடந்து படை அனுப்பினான். இலங்கையின் சூளவம்சம் இதை விவரமாகச் சொல்கிறது. முதல் படையெடுப்பு நன்றாகத்தான் போனது. அப்போது அக்கரைக்கு ஒரு செய்தி போனது, காஞ்சியில் மன்னனுக்கு உடம்பு மோசம் என்று. அவ்வளவுதான், படை திரும்பிவிட்டது. மானவம்மனும் காஞ்சிக்கே வந்து பல வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை கிளம்பும்போது நரசிம்மவர்மன் கடற்கரை வரைக்கும் தானே வந்து நின்றான். தன்னுடைய ஆபரணங்களை மானவம்மனுக்கு அணிவித்துக் கப்பலேற்றினான். மன்னனே வருகிறான் என்று நினைத்துப் படை தைரியமாக ஏறியது. அந்தத் தடவை வெற்றி.

எதிரி கத்தியால் ஆகாததை வீட்டிலிருந்து போன ஒரு அரைச் செய்தி செய்துவிட்டது. கடலில் இருப்பவனுக்கு ஊர்ச் செய்தி எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவது, நம் மெட்ராஸ். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு போட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. மொத்தமே அரை மணி நேரம். உயிர்ச்சேதமும் குறைவு. ஆனால் "மறுபடி வரப் போகிறான்" என்ற வதந்தியில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு பட்டணத்தை விட்டு ஓடினார்கள். எம்டன் திரும்பி வரவேயில்லை. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து வீழ்த்திவிட்டது. கெட்டிக்காரனை "எம்டன்" என்று சொல்கிற வழக்கு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. குண்டைவிட வதந்தி தூரம் போகும் என்று வகுப்பில் சொல்வேன்.

நான்காவது புத்தகத்தில் இல்லாதது. எங்கள் வீட்டில் நடந்தது.

என் பெரியப்பா மகன் கடற்படையில் இருந்தார். 1971 போரின்போது மேற்குக் கடலில். டிசம்பர் 9 இரவு டையூ அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோர், நம் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போய்விட்டார்கள். தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதனோடேயே போனார். அவருக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். எங்கள் அண்ணன் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது. முகவரியில் கப்பல் பெயர் இருந்தாலும் மாற்றல் ஆகியிருக்கலாமே. பெரியம்மா மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தெருவுக்கே ஓடுவார். கடைசியில் ஒரு கார்டு வந்தது. நாலே வரி, நலம் என்று. அதைப் பெரியம்மா ரொம்ப நாள் வரைக்கும் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். மூன்று வருஷம் கழித்துப் பெரியப்பா காலமானார். "கப்பல்ல இருக்கிறவன், தெரிஞ்சா என்ன பண்ணுவான், பாவம்" என்று பெரியவர்கள் தந்தி கொடுக்க வேண்டாம் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அண்ணன் விடுப்பில் வந்தார். கையில் பெரியப்பாவுக்கு வாங்கிய சால்வை. கூடத்தில் மாலை போட்ட படம். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "நான் கடல்லதான இருந்தேன், செத்தா போயிட்டேன்?"

அதற்குப் பிறகு அவர் எழுதிய கடிதங்களில் எல்லாம் கடைசி வரி ஒன்றுதான், வீட்டில் உண்மையாகவே எல்லாரும் சுகமா என்று. அந்த "உண்மையாகவே" என்ற சொல்லை நாங்கள்தான் அவருக்குக் கொடுத்தோம். தந்தி வேண்டாம் என்று சொன்னவர்கள் பக்கத்தில் நானும் நின்றேன். அப்போது எனக்கு இருபது வயசு. வாயைத் திறந்திருக்கலாம்.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். நான் சொன்னது இதுதான்.

"சொல்லும்மா. ஆனா அரைகுறையா சொல்லாதே. 'அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, நீ கவலைப்படாதே'ன்னு ஒரு வரி போட்டா அதைவிடக் கெடுதல் வேற இல்ல. என்ன வியாதி, எந்தத் தேதியில ஆபரேஷன், டாக்டர் என்ன சொன்னார், கூட யார் இருக்காங்க, பணத்துக்கு என்ன ஏற்பாடு, அடுத்த செய்தி எப்ப சொல்வே, இதையெல்லாம் ஒரே தடவையில சொல்லிடு. சொன்ன நேரத்துல அடுத்த செய்தியும் போகணும். லீவு வேணுமான்னு அவனும் அவன் அதிகாரிகளும் முடிவு பண்ணட்டும். டாக்டர் கொடுத்த காகிதத்தோட நகல் எடுத்து வை, கேட்டா அனுப்பலாம். உறவுக்காரங்க ஆளாளுக்குச் சேதி அனுப்ப வேணாம். வீட்ல ஒருத்தர்தான் பேசணும்."

இன்னொன்றும் சொன்னேன். 2019 கடைசியில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் முகநூலுக்கும் கடற்படை தடை போட்டது. காரணம் பாதுகாப்பு. ஆகவே பையன் பதில் போடவில்லை என்றால் பயப்பட வேண்டாம். கடிதத்துக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு. பெயர், பதவி, எண், கப்பல் பெயர் எழுதி, மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி என்று அவனுக்கு உரிய ஃப்ளீட் மெயில் ஆபீஸ் முகவரிக்குப் போட்டால் கப்பல் எங்கே இருந்தாலும் தேடிப் போய்ச் சேரும். வீட்டில் நிலம், மருத்துவம் என்று ஏதாவது சிக்கல் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பேரில் "முன்னாள்" இருந்தாலும் பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அவர்கள் உதவுவார்கள். இது பல பேருக்குத் தெரிவதில்லை.

அன்று இரவே அவன் பேசியபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். கொஞ்ச நேரம் பேச்சில்லையாம். பிறகு, "சொன்னியே, அதுவே போதும்மா. மறைச்சிருந்தா இனிமே நீ எது சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்" என்றானாம். லீவு கேட்டிருக்கிறான். கிடைக்குமா, ஆபரேஷனுக்கு முன்னால் வந்து சேருவானா என்று இதை எழுதும்போது தெரியவில்லை. ஆபரேஷன் வருகிற புதன்கிழமை. அவனால் வர முடியாவிட்டாலும் மருத்துவமனையில் கூட இருக்க அவனுடைய பள்ளித் தோழர்கள் இரண்டு பேர் தயார். இரண்டு பேரும் என் மாணவர்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் படையில் இருந்தால் கீழே எழுதுங்கள், மகிழ்ச்சி. ஆனால் எந்தக் கப்பல், எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனால் அந்த அப்பன் சிற்பத்தின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். புதன்கிழமை அந்தக் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்