பாடலிப் பள்ளியும் அறநெறிச்சாரமும்

கடலூர் நகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் திருப்பாதிரிப்புலியூர், முற்காலத்தில் பாடலிபுரம் எனப் பெயர்பெற்ற சமணத் தலமாகும். பாதிரி மரத்திற்கு வடமொழியில் பாடலி என்பது பெயர். சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சிப் பல்லவ மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சர்வநந்தி முனிவர் பாடலிகை என்னும் ஊரில் உலகின் அமைப்பைக் கூறும் நூலொன்றை எழுதினார் என்று லோகவிபாகம் குறிக்கின்றது. அப்பாடலிகை இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து.

திருநாவுக்கரசர் சைவம் சார்வதற்கு முன்பு தருமசேனர் என்னும் பெயருடன் இப்பள்ளியில் தலைமை பெற்றிருந்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. பின்னர்ப் பல்லவ மன்னன் பாடலிபுரத்துப் பள்ளிகளை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பித்தான் என்றும் அந்நூலே உரைக்கின்றது. புகழ்பெற்ற பள்ளி மறைந்தது. ஆயினும் அங்கே வளர்ந்த அறமொழி மறைந்துவிடவில்லை.

இதற்குச் சான்றாக நிற்பது அறநெறிச்சாரம். இதனை இயற்றிய முனைப்பாடியாரின் பெயரே, கடலூரை உள்ளிட்ட திருமுனைப்பாடி நாட்டை நினைவூட்டுகின்றது. அவர் 13ஆம் நூற்றாண்டினர் என்பர். இல்லறம், துறவறம், நாவடக்கம், சினம் காத்தல், யாக்கையின் நிலையாமை ஆகியவற்றை எளிய வெண்பாக்களில் அவர் எடுத்துரைத்தார். நூலின் தொடக்கத்திலேயே அறவுரைக்கு உரிய நான்கினை வகுக்கின்றார். சொல்பவன், கேட்பவன், சொல்லப்படும் பொருள், அதனால் விளையும் பயன் ஆகிய இந்நான்கிலும் போலியை நீக்கி உண்மையை நிலைநாட்டுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அறவுரை நிலைபெறச் சொல்பவன் மட்டும் போதாது. தக்க கேட்பவனும் வேண்டும் என்பதை இதனால் அறியலாம்.

பள்ளிகள் குன்றிய காலத்தில் சொல்பவராகிய முனிவர் அருகினர். அப்போது கேட்பவராய் இருந்த இல்லறத்தாரே அறநூல்களைக் காக்கும் கடமையை ஏற்றனர். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் தானமாகக் கொள்வது நம் மரபு. ஏடு பெயர்த்து எழுதி வழங்குதல் புண்ணியமாயிற்று. சமண முனிவர் பாடிய 400 வெண்பாக்களைக் கொண்ட நாலடியார் அழியாது நின்று, 1893இல் போப்பையரின் ஆங்கில மொழிபெயர்ப்பால் கடல் கடந்தது. குடந்தைச் சமண இல்லங்களில் சீவக சிந்தாமணி முறையாக வாசிக்கப்பட்டு வந்தமையாலன்றோ, உ.வே. சாமிநாதையர் அவர்களிடம் ஐயம் தெளிந்து, 1887இல் அதனைப் பதிப்பிக்க இயன்றது! அவ்வில்லங்கள் வாசிப்பை விட்டிருப்பின் ஏடு கிடைத்தும் பொருள் கிடைத்திராது.

இன்று ஏடு பெயர்த்து எழுதும் உழைப்பு நமக்கில்லை. அச்சு நூல்கள் எளிதிற் கிடைக்கின்றன. ஆனால் முனைப்பாடியார் கூறிய நான்கில் கேட்பவனும் பயனும் இல்லத்தில்தான் உருவாதல் வேண்டும். பொழுது சாயுமுன் உண்பது ஏன் என்று சிறுவர் வினவும்போது, பெரியோர் அறநூலின் வழிநின்று விடை கூறுவாராயின் அங்கே ஒரு பள்ளி மீண்டும் எழுகின்றது. நாளும் ஒரு வெண்பாவை இல்லத்தார் கூடிப் படித்துப் பொருள் உணர்ந்து, அன்றைய சொல்லிலும் செயலிலும் அதனைக் கடைப்பிடித்தலே பாடலிப் பள்ளிக்கு நாம் செய்யும் திருப்பணியாகும்.