உயில் எழுத ஏதுமற்றவர்களின் வரலாறு



எந்தத் தோழரின் நினைவாக இன்று குன்னத்தூரில் கூடியிருக்கிறோமோ, அவர் இறந்த மூன்றாம் நாள் அவருடைய மகள் ஒரு தகரப்பெட்டியை எங்கள் முன் திறந்து வைத்தார். பணமோ நகையோ நிலப் பத்திரமோ அதில் இல்லை. நாற்பது ஆண்டுகளாக அவர் எழுதிய மனுக்களின் நகல்கள் இருந்தன. வளவுக்குப் பாதை கேட்டு ஒன்று, சுடுகாட்டுக்கு இடம் கேட்டு ஒன்று, கண்டிஷன் பூமியை மீட்டுத் தரச் சொல்லி ஏழெட்டு. ஒவ்வொன்றிலும் அலுவலக முத்திரையும் தேதியும் இருந்தன. "இதையெல்லாம் என்னங்கண்ணா செய்யறது?" என்று கேட்டார். "பழைய பேப்பர்காரருக்குப் போட்டுறாதம்மா" என்று மட்டும் அன்றைக்குச் சொன்னோம். அந்தப் பதிலில் பாதிதான் இருந்தது. மீதியைச் சொல்லத்தான் இந்தச் சொற்பொழிவு.

ஒரு குடும்பத்தின் வரலாறு எதிலிருந்து எழுதப்படுகிறது என்பதே நம் கேள்வி. அதற்கு முதலில் இங்கிலாந்துக்குப் போய்விட்டு ஊர் திரும்புவோம்.

சொத்து பேசும் மொழி

இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர் தன் முன்னோரைத் தேடப் புறப்பட்டால் அவருக்குப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பங்குக் கோயிலும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538இல் ஆணை பிறந்தது. அதற்கும் முன்பிருந்தே, 1384 முதல் 1858 வரை, கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றம் பதிவு செய்த உயில்கள் இருக்கின்றன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த உயில்கள் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கடல் கடந்து போய் இறந்தவர்களின் உயில்களும் அவற்றில் உண்டு.

உயிலைச் சொத்துப் பங்கீட்டுக் காகிதம் என்றுதான் நாம் நினைக்கிறோம். வரலாறு தேடுபவருக்கு அது குடும்பத்தின் குழுப்படம். மனைவி, மக்கள், மருமகன், தங்கை மகன், வேலைக்காரி என எல்லோரும் பெயரோடு அதில் நிற்பார்கள். வாரிசுகள் சண்டையிட்டு வழக்குக்குப் போனால் தேடுபவருக்கு இன்னும் நல்லது. தன் உரிமையை நிறுவ ஒவ்வொரு தரப்பும் பாட்டன், பூட்டன் வரை வரிசை சொல்லியாக வேண்டும். அன்று நடந்த பங்காளிச் சண்டை இன்றைய வம்சாவளி ஆய்வாளருக்கு விருந்து.

இந்த வழியில் தடம் பிடிக்கக்கூடிய ஒரு குடும்பம் நம் மண்ணோடு தொடர்புடையது. 1687 முதல் 1692 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் குடும்பம் அது. கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் பதிவேட்டில் உள்ள முதல் திருமணம் அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி நடந்த யேலின் திருமணம். மணமகள் கேதரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை. அவர்களுடைய மகன் டேவிட் சிறு வயதிலேயே இறந்தான். அவனுக்கும் ஹின்மர்ஸுக்கும் உரிய கல்லறை சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1921இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமானது. அதை வேறிடத்துக்கு மாற்ற உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2023இல்தான். நான்கு வயதைத் தாண்டாத ஓர் ஆங்கிலேயக் குழந்தையின் பெயரை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கல்லும் காகிதமும் சுமந்து நின்றிருக்கின்றன.

யேல் 1721இல் லண்டனில் இறந்தார். அவருடைய உயில் வரைவில் கையெழுத்து இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் கல்லூரிக்கு அவர் ஒதுக்க நினைத்த 500 பவுண்டு அதனால் போய்ச் சேரவே இல்லை. ஆனால் 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கும் புத்தகங்களும் போய்ச் சேர்ந்தன. சரக்கு விற்று 562 பவுண்டு கிடைத்தது. அந்தக் கல்லூரிதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் நம் வட்டாரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும்: கீழை நாட்டு வணிகத்தில் சேர்த்த பணம் ஒரு மனிதரின் பெயரைப் பல்கலைக்கழகமாக்கி நிறுத்தியது. நெய்தவர், நூற்றவர், சுமந்தவர் பெயர் அந்தக் கட்டடத்தின் எந்தச் சுவரிலும் இல்லை.

கழுத்தில் வளையம் போட்ட சிறுவன்

யேல் குடும்பத்தைக் காட்டும் ஓர் ஓவியம் அந்தப் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் இருக்கிறது. சுமார் 1719இல் வரையப்பட்டது. மேசையைச் சுற்றி யேலும் அவர் குடும்பத்து ஆண்களும் அமர்ந்து மதுவருந்துகிறார்கள். வலது ஓரத்தில் ஆப்பிரிக்க வம்சாவளிச் சிறுவன் ஒருவன் நின்று பணிவிடை செய்கிறான். அவன் கழுத்தில் பூட்டுப் போட்ட உலோக வளையம்.

2020இல் அந்த ஓவியத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஆய்வாளர்கள் அவனைத் தேடினார்கள். மேசையைச் சுற்றி இருப்பவர்களை அடையாளம் காண உயிலும் திருமணப் பதிவும் உதவின. சிறுவனின் வயது பத்து இருக்கலாம் என்று கணிக்க முடிந்தது. பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் 2024இல் மன்னிப்புக் கேட்டது. பெயர் தெரியாதவனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சென்னைக் கோட்டையிலும் இதே கதைதான். ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று யேல் இடம்பெற்றிருந்த ஆட்சிக்குழு முடிவு செய்தது. பத்து என்ற எண் ஏட்டில் ஏறியது. அந்தப் பத்துப் பேர் யார் என்பது அந்த முடிவுக்குத் தேவைப்படவில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஆவணம் எல்லோரையும் ஒரே மாதிரி நினைவில் வைப்பதில்லை. உடைமை வைத்திருந்தவரைப் பெயராக நினைவில் வைக்கிறது. உடைமையாக இருந்தவரை எண்ணாகவோ விலையாகவோ நினைவில் வைக்கிறது.

நம் முன்னோர் எந்தக் காகிதத்தில் இருக்கிறார்கள்?

நம் வட்டாரத்தில் நிலம் வைத்திருந்த சாதிகளுக்குக் காணிப் பட்டயங்கள் உண்டு. எந்தக் கூட்டத்துக்கு எந்த ஊர் காணி, கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்று செப்பேட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் காணியில் கவலை இறைக்கத் தோல்பறி தைத்தவர் யார், பண்ணயத்துக்கு இருந்தவர் யார், செத்த மாட்டைச் சுமந்தவர் யார் என்று தேடினால் பட்டயம் வாய் திறக்காது.

ஆனாலும் நம் முன்னோர் காகிதத்திலேயே இல்லை என்று சொல்வது சோம்பல். அவர்கள் அடுத்தவர் காகிதத்தில் இருக்கிறார்கள்.

ஆளை விற்றதற்குத் தமிழில் எழுதிய பத்திரத்துக்கு 'ஆள்விலைப் பிரமாண இசைவுத்தீட்டு' என்று பெயரே உண்டு. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' நூலை நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சென்னையில் இறந்த ஐரோப்பியரின் உயில்களில் வீட்டு அடிமைகளை மனைவிக்கு எழுதி வைத்ததும் உண்டு, விடுதலை செய்ததும் உண்டு. அங்கே அவர்கள் ஒற்றைப் பெயரோடு நிற்பார்கள். தகப்பன் பெயரும் ஊரும் இருக்காது.

நீதிமன்றமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டு, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. இங்கே 1843இன் ஐந்தாம் சட்டம்தான், ஒருவர் அடிமை என்பதால் எழும் எந்த உரிமையையும் நீதிமன்றம் நிலைநாட்டக் கூடாது என்றது. வரிப் பாக்கிக்காகவும் நீதிமன்றத் தீர்ப்பின் பேரிலும் அரசு அதிகாரிகள் ஆளை விற்பதையும் அதுவே தடை செய்தது. ஒரு தடைச் சட்டத்தைத் திருப்பிப் போட்டுப் படித்தால் அதுவரை நடந்தது தெரியும். ஆங்கிலேயக் குடும்பத்துக்கு நீதிமன்ற ஏடு வம்சாவளியைத் தருகிறது. நமக்கு அதே ஏடு யார் யாரைத் தன் சொத்து என்று கேட்டு வழக்காடினார்கள் என்பதைத் தருகிறது.

நம்மவர்களின் பெயர் முழுதாகப் பதிவான ஓர் இடம் கப்பல். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 342 பேரை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. 1911 வரை நேட்டாலுக்கு 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று பத்திகள் உண்டு. தென்னாப்பிரிக்காவிலுள்ள பேரன் பேத்திகள் இன்று அந்த எண்ணை வைத்துத்தான் தங்கள் ஊரைத் தேடி வருகிறார்கள். கூலியாளைத் தவறவிடக் கூடாது என்று தோட்ட முதலாளிக்காக எழுதிய பட்டியல் அது. இன்றைக்கு அது சந்ததிக்குச் சொந்தமாகிவிட்டது. கப்பல் ஏறியவரின் தழும்புகூடக் காகிதத்தில் இருக்கிறது. ஊரில் தங்கிய அவருடைய அண்ணனின் பெயரே பல இடங்களில் கிடைப்பதில்லை.

வம்சத்துக்கு அல்ல, உரிமைக்கு

இங்கே ஒரு தோழர் எங்களிடம் நியாயமாகவே கேட்டார்: "வம்சாவளி பார்ப்பதுதானே சாதி? நாம் ஏன் அந்த வேலையைச் செய்ய வேண்டும்?"

அவர் சொல்வது சரி. பிறப்பை வைத்து மனிதரை அளப்பதுதான் சாதி. கலப்பில்லாத ரத்தத்தையோ ஆண்ட பரம்பரைக் கதையையோ தேடி நாம் போகவில்லை. யார் உழைத்தது, யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது, அதை யார் பறித்தது என்றுதான் தேடுகிறோம்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010ஆம் எண் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க வேண்டும், பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்டவர் அல்லாதவருக்கு விற்றால் செல்லாது என்பது அதன் சாரம். இதுவே பஞ்சமி நிலம். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். ஒரு பதிவேட்டின் ஒரு வரிக்காக உயிர் போன வரலாறு நம்முடையது.

அந்த ஒரு வரியைத் தேடி நம் தோழர் ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். "பழைய ரிஜிஸ்டரைக் கரையான் தின்னுடுச்சு" என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் "அது கோயமுத்தூர்ல இருக்கும்" என்றார்கள். அங்கே போனால் "ஈரோட்டுல பாருங்க" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் ஒரு காரணம் இருந்தது. குன்னத்தூர் முன்பு கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979இல் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்துக்குப் போனது. 2009இல் திருப்பூருக்கு வந்தது. எல்லை மாறும்போது ஏடும் ஊர் மாறுகிறது. ஆகவே மாணவர்கள் ஒரு கதவு சாத்தியிருந்தால் திரும்பிவிடக் கூடாது.

எங்கள் அனுபவத்தில் சொல்கிறோம். நில அளவைக் காலத்துப் பதிவேட்டைக் கேளுங்கள். 1980களின் யுடிஆர் திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் எந்த இடத்தில் மாறியது என்று தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். எங்கள் வளவில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். வாத்தியார் போட்ட பிறந்தநாள் அது. ஆனால் தகப்பன் பெயரும் தொழிலும் அதில் உண்மையாக இருக்கும். காகிதம் முடியும் இடத்தில் அத்தை, பாட்டியின் ஒப்பாரியைக் கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் யார் எத்தனை வருடம் பண்ணயத்துக்கு இருந்தார் என்பது அதில் வரும். வாய்மொழியை நீதிமன்றம் தனியாக ஏற்கத் தயங்கும். ஆனால் எந்த ஏட்டைக் கேட்க வேண்டும் என்று வாய்மொழிதான் காட்டிக் கொடுக்கும்.

இன்று எழுதப்படாத காகிதம்

கடைசியாக ஒன்று. இந்த மண்டபத்தில் இருக்கும் பலருடைய தங்கையும் அண்ணியும் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். பீஸ் ரேட்டில் கைமடி, செக்கிங் வேலை. கான்ட்ராக்டர் பாக்கெட் நோட்டில் பென்சிலால் கணக்கு எழுதுகிறார். வாரச் சம்பளம் கொடுத்த பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போடுகிறார். பி.எஃப். எண்ணும் இல்லை, ஈ.எஸ்.ஐ. அட்டையும் இல்லை, வேலை செய்ததற்கு ஒரு சீட்டும் இல்லை. நூறு ஆண்டு கழித்து இந்த ஊரின் வரலாற்றை எழுத வருபவருக்கு ஏற்றுமதிக் கணக்குக் கிடைக்கும். எத்தனை பொதி போனது என்று இருக்கும். மடித்து அடுக்கிய கை யாருடையது என்பது இருக்காது. யேல் அனுப்பிய ஒன்பது பொதியின் கதை இன்று திருப்பூரில் தினமும் நடக்கிறது. ஆகவே சம்பளச் சீட்டைக் கேட்பது வெறும் கூலிப் பிரச்சினை இல்லை, வரலாற்றில் நம் பெயரைக் கேட்பது.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் வாழ்க்கையைத் தானே எழுதி 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று வெளியிட்டார். மற்றவர் ஏட்டில் நம்மைத் தேடும் வேலையோடு நம் ஏட்டை நாமே எழுதும் வேலையும் உண்டு என்பதற்கு அதுவே முன்மாதிரி.

தோழரின் மகள் கேட்ட கேள்விக்கு மீதிப் பதில் இதுதான். அந்தப் பெட்டியிலுள்ள மனுக்களை நாங்கள் தேதி வாரியாக அடுக்கத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு மனுவின் அடியிலும் கையெழுத்தும் கைநாட்டுமாக வளவு மக்களின் பெயர்கள் இருக்கின்றன. இன்னார் மகன் இன்னார், இன்னார் மனைவி இன்னார் என்று நாற்பது ஆண்டுப் பெயர்கள். எந்த அரசுக் காப்பகத்திலும் இப்படி ஒரு பட்டியல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தனக்கென்று எழுதி வைக்க ஏதுமில்லாத மனிதர் ஓர் ஊருக்கே உயில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கேட்ட நிலம் இன்னும் வரவில்லை. அந்த உயிலை நிறைவேற்றும் பொறுப்பு இனி நம்முடையது.