பூங்காக்களைப் பேணும் தன்னார்வக் குழுக்களும் அவற்றை மதிக்கும் மரபும்

ஊதியம் பெறாமல் ஒரு பொதுப் பூங்காவையோ தோப்பையோ ஏரிக்கரையையோ தொடர்ந்து பராமரித்துவரும் மக்கள் குழுக்கள் பூங்காப் பேணும் தன்னார்வக் குழுக்கள் எனப்படுகின்றன. குப்பை அகற்றுதல், கன்றுகளுக்கு நீர் ஊற்றுதல், களை எடுத்தல், வேலி காத்தல் ஆகியவை இவற்றின் அன்றாடப் பணிகள். ஒரு பூங்காவைத் திறந்து வைப்பது ஒரு நாள் நிகழ்ச்சி; அதைப் பேணுவது முடிவில்லாத வேலை. திறந்து வைத்தவரின் பெயர் கல்வெட்டில் இருக்கும். பேணுபவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை. ஆனால் பேணுபவரை மதிக்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதியதன்று.

பண்டைய மரபு

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுபவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடும்புக்கு ஒருவராக 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு 12 பேரும், தோட்ட வாரியத்துக்கு 12 பேரும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் அமைந்தனர். தோட்டங்களைக் கவனிக்க ஊர்ச்சபை தனியே ஒரு குழுவை வைத்திருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இதில் அதிகம் கவனிக்கப்படாத விதி ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் ஊர்க்காரியங்களைப் பார்க்கும் சம்வத்சர வாரியமே உயர்ந்த குழு. அதற்கு, முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் எடுக்க வேண்டும் என்று கல்வெட்டு கூறுகிறது. தோட்டத்தையும் ஏரியையும் பேணிய அனுபவமே பெரிய பொறுப்புக்குத் தகுதியாகக் கொள்ளப்பட்டது. கணக்குக் காட்டாதவர்கள் மீண்டும் வர முடியாது என்றும் விதி இருந்தது. எனினும் இது எல்லாருக்கும் திறந்த அமைப்பன்று. வரி செலுத்தும் நிலமும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது.

கோயில் நந்தவனங்களுக்கு விடப்பட்ட நிலம் 'நந்தவனப்புறம்' எனப்பட்டது. பூச்செடிகளைப் பேணுவோரின் பிழைப்புக்கும் அந்நிலத்தின் வருவாயே வழி செய்தது. கொடைக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், இந்த அறத்தைப் பிற்காலத்தில் காப்பவருடைய திருவடிகள் தன் தலைமேல் இருக்கட்டும் என்று கொடையாளி கூறுவதாக ஒரு வாசகம் காணப்படும். கொடுத்தவர் மன்னராயினும், காப்பவரைத் தம்மினும் உயர்த்திப் பேசும் வழக்கு இது.

பரமத்தி வேலூரும் இராஜவாய்க்காலும்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்த பரமத்தி வேலூர் வெற்றிலை, வாழை, வெல்லம் ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றது. இப்பகுதியின் பசுமைக்கு அடிப்படை, அருகிலுள்ள ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் இராஜவாய்க்கால். இதை வெட்டுவித்தவர் குறுநிலத் தலைவர் அல்லாள இளைய நாயக்கர் என்பது வழிவழியாக வரும் செய்தி. தமிழக அரசு ஜேடர்பாளையத்தில் அவருக்குச் சிலை அமைத்துள்ளது. அங்குள்ள படுகை அணையும் அண்ணா பூங்காவும், ஆற்று மீன் வறுவலைத் தேடி வரும் மக்களால் விடுமுறை நாட்களில் நிறைந்திருக்கும்.

வாய்க்காலை வெட்டியவர் ஒருவர். அதில் மண் மேடாகாமல் காத்தவர்கள் பல தலைமுறையினர். ஊரார் ஒன்றுகூடி ஏரி, வாய்க்கால்களைச் சீர்செய்யும் வழக்கம் தமிழகத்தில் 'குடிமராமத்து' எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1858 ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது. நீரின் மீது ஊருக்கிருந்த அதிகாரம் அரசுத் துறைகளிடம் போக, உழைக்கும் கடமை மட்டும் ஊரிடம் எஞ்சியது. அதிகாரமும் மதிப்பும் இல்லாத இடத்தில் கட்டாயம் மட்டும் வேலையை நடத்தவில்லை. குடிமராமத்து நாளடைவில் தேய்ந்தது.

நகரப் பூங்காக்கள்

இன்றைய பொருளில் 'பூங்கா' என்பது 19 ஆம் நூற்றாண்டில் வந்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-60 காலத்தில் திட்டமிட்ட மக்கள் பூங்கா (பீப்பிள்ஸ் பார்க்) சுமார் 116 ஏக்கர் பரப்புடையது. விக்டோரியா பொதுக்கூடம், மூர் மார்க்கெட், 1913 இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை, பின்னர் நேரு விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றாக அந்நிலத்தில் எழுந்தன. இன்று 'மை லேடீஸ் பூங்கா' போன்ற சிறு பகுதிகளே மிச்சம். தன்னுடையது என்று கருதிக் கேள்வி கேட்க ஆள் இல்லாத பூங்கா எப்படிச் சுருங்கும் என்பதற்கு இது சான்று.

இதற்கு எதிர்முனையில் நிற்பது சென்னை கோட்டூர்புரம் மரப்பூங்கா. அடையாற்றங்கரையில் பறக்கும் ரயில் நிலையத்தின் அருகே உள்ள இந்தப் பொதுப்பணித்துறை நிலம் ஒரு காலத்தில் குப்பை கொட்டும் இடமாக இருந்தது. 2005 இல் தொடங்கப்பட்ட 'நிழல்' அறக்கட்டளை 2006 இல் இங்கு நாட்டு மரங்களை நடத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னார்வலர்கள் கூடி வேலை செய்வது வழக்கமாயிற்று. தெருமரங்களில் அடித்த ஆணிகளைப் பிடுங்குவதும், தண்டை இறுக்கும் கம்பிக் கூண்டுகளை அகற்றுவதும் இவ்வமைப்பின் மற்றப் பணிகள். நிலம் அரசுடையது, உழைப்பு மக்களுடையது என்ற ஏற்பாடே இப்பூங்காவின் அடித்தளம்.

சேலத்தில் கன்னங்குறிச்சியை அடுத்த மூக்கனேரி இன்னொரு எடுத்துக்காட்டு. சேவராயன் மலையடிவாரத்தில் 58 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரியை, 2010 இல் சேலம் மக்கள் குழு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியுடன் சீரமைக்கத் தொடங்கியது. செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. தூர்வாரிய மண்ணை வெளியே கொண்டு செல்லாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி, அவற்றில் மரங்கள் நட்டனர். திட்டுகள் பறவைகளுக்கு உறைவிடமாயின.

பிற நாடுகளில்

நியூயார்க்கில் 1973 இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் நண்பர்களும் குப்பை நிறைந்த காலி மனை ஒன்றைத் தோட்டமாக்கினர். அடுத்த ஆண்டு நகர நிர்வாகம் அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கு அளித்தது. கிறிஸ்டியின் மறைவுக்குப் பின் தோட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஜப்பானின் யோகோஹாமா நகரில் 1961 முதல் அக்கம்பக்கத்தார் 'பூங்கா நேசக் குழு'வாகப் பதிவு செய்துகொண்டு, அருகிலுள்ள பூங்காவைப் பராமரிக்கின்றனர். அதற்கு மாநகராட்சி சிறு தொகையும் வழங்குகிறது. பசுமை பேணும் குழுக்களைப் பாராட்டும் தேசிய விழா அந்நாட்டில் 1990 முதல் நடந்து வருகிறது.

மதிப்பளிக்கும் வடிவங்கள்

இந்தியாவில் காடு வளர்ப்பில் சிறந்த தனிமனிதர்களுக்கும் அமைப்புகளுக்கும் இந்திரா பிரியதர்ஷினி விருட்சமித்ரா விருது 1986 இல் ஏற்படுத்தப்பட்டது. தமிழக அரசு சுற்றுச்சூழல் பணிக்காகப் பசுமை முதன்மையாளர் விருது வழங்குகிறது. விருதும் பொன்னாடையும் ஊக்கம் தருபவை. ஆனால் மறுநாள் காலையில் குழுவுக்கு வேண்டியது குழாயில் தண்ணீர், கருவிகளை வைக்க ஓர் அறை, எழுத்து வடிவில் அனுமதி. கோட்டூர்புரத்திலும் மூக்கனேரியிலும் பணி நிலைத்ததற்கு அனுமதியே முதற்காரணம். அது இல்லாதபோது, பத்து ஆண்டுகள் வளர்த்த மரத்தை ஒரு கால்வாய்த் திட்டமோ கட்டடமோ ஒரே நாளில் நீக்கிவிடலாம். வளர்த்தவரைக் கேட்க வேண்டிய கடமை எவருக்கும் இராது.

பேரூராட்சி அளவிலும் இதற்கு வழிகள் உள்ளன. மக்கள் பங்களிப்புடன் பொதுப்பணிகளைச் செய்யும் நமக்கு நாமே திட்டம் 2021 இல் மீண்டும் தொடங்கப்பட்டது. 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின. பரமத்தி வேலூர் போன்ற சிற்றூர்களில், ஒரு பூங்காவை ஆண்டுக்கணக்கில் பேணியவர்களின் கருத்து அதைப் பற்றிய முடிவு எடுக்கும் முன் இத்தகைய சபையில் கேட்கப்படுமானால், அது உத்திரமேரூர் விதியின் இன்றைய வடிவமாக அமையும். தோட்டம் காத்தவருக்கு அன்று ஊர் அளித்த பரிசு மாலையன்று. அடுத்த பெரிய பொறுப்பில் ஓர் இடம்.