கறையான் தின்றது போக மீதி

எங்கள் கொங்கு நாட்டில் பாடல் பெற்ற தலங்கள் 7. அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தப் பதிகம் நம் கைக்கு எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா?

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையொன்றில் பூட்டிக் கிடப்பதாகத் திருநாரையூர்ப் பொல்லாப் பிள்ளையார் நம்பியாண்டார் நம்பிக்குச் சொல்கிறார். சோழ மன்னர் (ராஜராஜன் என்பார்கள்) நம்பியோடு சிதம்பரம் போகிறார். மூவரும் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தீட்சிதர்கள். மன்னரும் லேசுப்பட்டவரல்ல, மூவரின் திருவுருவங்களையே ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்! கதவைத் திறந்தால் உள்ளே கறையான் புற்று. எண்ணெய் ஊற்றி ஏடுகளை எடுக்கும்போது, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று அசரீரி கேட்டதாம். 1,03,000 பதிகங்களில் மிஞ்சியது சுமார் 800.

இதைப் படித்ததும் எனக்கு அமெரிக்காவின் ஜோசப் ஸ்மித் நினைவு வந்தது. தேவதூதர் காட்டிய குன்றிலிருந்து 1827ல் பொன் தகடுகளை எடுத்ததாகவும், கடவுள் அருளால் மொழிபெயர்த்ததாகவும் சொல்லி 1830ல் மோர்மன் நூலை வெளியிட்டவர். தொப்பிக்குள் கல்லை வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் எழுதினார்கள். அதற்கு முன்பே கல் பார்த்துப் புதையல் தேடியவர் அவர். அந்த வட்டாரத்தில் அது சகஜம். நம் ஊரில் ஏடும் கறையானும் சகஜம்!

ஆனால் அந்தத் தகடுகளைத் தேவதூதரே திரும்ப வாங்கிக்கொண்டாராம், யாரும் சோதிக்க முடியாது. நம் கதையைச் சோதிக்கக் கல்வெட்டு இருக்கிறது. கதையைச் சொல்லும் திருமுறை கண்ட புராணம் உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்குவது. அவர் காலம் 14ஆம் நூற்றாண்டு, ராஜராஜனுக்கு 300 வருடம் பிந்தியது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பேரை நியமித்தது கதைக்குப் பொருந்துகிறது. ஆனால் 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத் திருவல்லம் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோர் வருகிறார்கள். அப்படியென்றால் பாட்டு முழுசாகத் தொலையவே இல்லை. நம்பி செய்தது சேகரிப்பும் வகுப்பும் என்றே எனக்குப் படுகிறது. எதைச் சேர்ப்பது என்ற மனிதர்களின் முடிவுக்கு அசரீரி முத்திரை வைத்தது.

இன்னொன்றும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் சம்பந்தர் பதிகம் ஒன்று கிடைத்தது. ஏடுகளில் இல்லாதது. இப்போது அதையும் மூன்றாம் திருமுறையில் சேர்த்து அச்சிடுகிறார்கள்.