விதிகளால் பேசும் குரல்

1995இல் ஜொனாதன் டடிங்டன் ஏகார்ன் கணினிக்கென ஆங்கிலப் பேச்சு நிரல் ஒன்றை எழுதினார். அதன் வளர்ச்சியே பின்னர் லினக்ஸில் பரவிய ஈஸ்பீக். மனிதக் குரற்பதிவுகளைத் தொகுத்து ஒட்டாமல், பெரும்பாலும் விதிகளின்படியே ஒலியை ஆக்கியதால், பல மொழிகளுடன் ஏறத்தாழ 2 மெகாபைட்டில் அது அடங்கியது.

தமிழுக்கு இம்முறை இயல்பாகப் பொருந்தியது. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுத்து ஒன்று, ஒலி மூன்று. இடம் அறிந்தால் ஒலி தெரியும். 'பாவம்', 'பாவனை' போன்ற சொற்களில் மட்டும் இடம் உதவாது. அத்தகையவற்றுக்குத் தனிச்சொற்பட்டியல் வேண்டும். விதிகளும் பட்டியலும் எளிய உரைக்கோப்புகளே. தமிழ் ஒலிப்பை அறிந்தவர் எவரும் திறந்து திருத்தலாம்.

இயந்திரக் குரல் என்ற குறை உண்மையே. ஆயினும் ஆர்க்கா திரைவாசிப்பானை விரைவுபடுத்திக் கேட்கும் பார்வையற்றவருக்கு இனிமையினும் தெளிவே முதன்மை. 2015இன் இறுதியில் பிறர் இப்பணியை ஈஸ்பீக் என்ஜி எனத் தொடர முடிந்ததும் நிரல் திறந்திருந்தமையால்தான்.