நாவிதர் கற்ற கல்வி

முடி திருத்துவதற்குக் கல்வி எதற்கு என்று வினவுவார் உளர். கத்தரியும் கைப்பழக்கமும் போதும் என்பது அவர்தம் எண்ணம். ஐரோப்பிய வரலாறு வேறு விடை கூறுகின்றது.

1215-இல் உரோமில் கூடிய இலாத்தரன் பேரவை, உயர்நிலைக் குருமார் சுடுதலும் அறுத்தலும் உடைய மருத்துவத்தில் ஈடுபடலாகாது என விதித்தது. பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்ற மருத்துவரோ கையிற் குருதி படுவதை இழிவெனக் கருதினர். ஆகவே கட்டி கீறுதல், பல் பிடுங்குதல், குருதி வாங்குதல் ஆகியவை கூரிய கத்தி வைத்திருந்த நாவிதரிடம் வந்து சேர்ந்தன.

இலண்டன் நாவிதர் சங்கம் 1462-இல் நான்காம் எட்வர்டு மன்னரிடம் பட்டயம் பெற்றது. 1540-இல் எட்டாம் என்றி காலத்துச் சட்டம் அதனை அறுவையாளர் கழகத்தோடு இணைத்தது. தூக்கிலிடப்பட்டோர் உடல் நான்கினை ஆண்டுதோறும் அறுத்து ஆராயவும் இசைவளித்தது. ஆனால் அதே சட்டம், நாவிதர் பல் பிடுங்குதல் தவிர அறுவை வேலை செய்யலாகாது என்றும், அறுவையாளர் சவரம் செய்யலாகாது என்றும் வரையறுத்தது. சேர்த்துவைத்த கையே பிரித்தும் வைத்த விந்தை இது! தொழில் கற்போர் ஏழாண்டேனும் ஆசானிடம் பயிலவேண்டும் என்பதை 1563-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் விதியாக்கியது.

இவ்வழியில் வந்த பெருமகன் பிரான்சு நாட்டு அம்புருவாசு பாரே ஆவார். நாவிதரிடம் தொழில் பயின்று, பின் பாரிசு ஓத்தல் தியூ மருத்துவமனையில் பணிசெய்தவர். 1537-இல் தூரின் போர்முனையில், குண்டுபட்ட புண்ணிற் காய்ச்சி ஊற்றும் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி முட்டைக்கரு, பன்னீர்ப்பூ எண்ணெய், தர்ப்பந்தைலம் கலந்து தடவினார். மறுநாட் காலை பார்த்தபோது எண்ணெய் ஊற்றப்பட்டவர் காய்ச்சலிலும் நோவிலும் துடித்தனர். மற்றவர் அமைதியாக உறங்கியிருந்தனர். அதன்பின் அவர் கொதிக்கும் எண்ணெயைக் கையாளவில்லை. தம் பட்டறிவை 1545-இல் நூலாக்கினார், அதுவும் தாய்மொழியாகிய பிரஞ்சிலேயே. இலத்தீன் அறியாதவர் என்று இகழ்ந்தோர் பெயர்களை இன்று எவரும் நினைப்பதில்லை.

1745-இல் இலண்டன் அறுவையாளர் நாவிதரை விட்டுப் பிரிந்தனர். அறுவை கல்லூரிக்குச் சென்றது. சவரம் கடையிலேயே தங்கியது. 1893-இல் சிக்காகோவில் மோலர் என்பார் நாவிதர் பள்ளி தொடங்க, 1897-இல் மின்னசோட்டா மாநிலம் இத்தொழிலுக்கு உரிமச் சட்டம் இயற்றியது. அன்று முதல் தேர்வும் சான்றிதழும் இங்கும் நுழைந்தன.

தமிழகத்து நாவிதர்க்கு 'மருத்துவர்' என்னும் பெயரும் உண்டு. ஆடவர் புண்ணுக்கு மருந்திட்டனர்; மகளிர் பேறு பார்த்தனர். 1909-இல் வெளிவந்த தர்சுடனின் தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலிலும் இதனைக் காணலாம். பட்டயம் வழங்க ஓர் அரசரும் இல்லை, பயிற்சிக்கு ஒரு கழகமும் இல்லை. தந்தையிடம் மகனும் மாமியிடம் மருமகளும் கற்றதே கல்வி. 1835-இல் சென்னையில் மருத்துவப் பள்ளி தோன்றியது. ஆங்கே கற்பிக்கப்பட்டது ஐரோப்பிய மருத்துவம். ஊர்தோறும் பிள்ளைப்பேறு பார்த்த கைகள் அதன் பின்னும் நெடுங்காலம் அப்பணியைச் செய்துவந்தன, சான்றிதழ் ஏதுமின்றி.