வாய்மையும் ஆணையும்

உள்ளம், வாய், மெய் என்னும் மூன்றன் அடியாக உண்மை, வாய்மை, மெய்ம்மை என்னும் மூன்று சொற்களைத் தமிழ் பெற்றிருக்கிறது. உள்ளத்தின் தூய்மை உண்மை. சொல்லின் தூய்மை வாய்மை. செயலின் தூய்மை மெய்ம்மை என ஆன்றோர் அவற்றுக்குப் பொருள் விரித்தனர். இம்மூன்றும் பிரியாதிருத்தலே அறம். கிறித்துவ மறையும் இக்கருத்தைத் தன் வழியில் வலியுறுத்துகிறது. அம்மறையின் ஒரு போதனையைச் சிறிதும் வழுவாது கைக்கொண்டதற்காகச் சிறை புகுந்த ஒரு கூட்டத்தாரின் வரலாறு, சொல்லின் மதிப்பை உணர விழைவோர் அறியத்தக்கதாகும்.

மரமும் கனியும்

பார்வையும் பேச்சும் இழந்திருந்த ஒருவனை இயேசு பெருமான் குணப்படுத்தினார். அதனைப் பேய்களின் தலைவனது துணையால் நிகழ்ந்த செயல் எனப் பரிசேயர் பழித்தனர். ஊமை வாய் திறந்து பேசிய வேளையில், கற்றோர் வாய் பழி பேசியது. அப்பழிக்கு விடையிறுக்கும்போதுதான் பெருமான் சொல்லின் இயல்பை விளக்கினார். மரத்தின் தன்மை அதன் கனியில் புலப்படுவதுபோல் மனிதனின் தன்மை அவன் சொல்லில் புலப்படும். நெஞ்சில் நிறைந்திருப்பதே நாவின் வழி வெளிப்படும். வீணாக உதிர்த்த ஒவ்வொரு சொல்லுக்கும் தீர்ப்பு நாளில் கணக்குக் கேட்கப்படும் என்பதே மத்தேயு நற்செய்தி 12ஆம் அதிகாரம் தரும் செய்தி.

அந்நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் அமைந்த மலைப்பொழிவு, ஆணையிடுதலையே விலக்குகிறது. உள்ளதை உள்ளதென்றும் இல்லாததை இல்லதென்றும் உரைப்பதே போதும் என்கிறது. யாக்கோபின் திருமுகமும் இதனையே வற்புறுத்துகிறது. இவ்விரு போதனைகளும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆணையிட்டுச் சொல்வதே நம்பத்தக்கது என்றால், ஆணையிடாது சொல்வது பொய்யாகவும் இருக்கலாம் என்றன்றோ ஆகும்? ஒரே நெஞ்சுக்கு இருவகை உண்மை இருத்தல் இயலாது.

எனினும், வீணான ஆணைகளை மட்டுமே பெருமான் கண்டித்தார் என்றும், நீதிமன்றத்தில் ஆணையிடுதல் தகும் என்றும் பெரும்பாலான திருச்சபைகள் விளக்கம் கூறின. அவ்விளக்கத்தை ஏற்க மறுத்தோருள் முதன்மையானவர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய நண்பர்கள் சங்கத்தினர்.

நடுங்குவோர் எனப்பட்ட நடுங்காதோர்

நெசவாளர் ஒருவரின் மகனாக 1624ஆம் ஆண்டில் பிறந்த ஜார்ஜ் ஃபாக்ஸ் இச்சங்கத்தின் முன்னோடியாவார். 1650ஆம் ஆண்டில் டார்பி நகரில் விசாரிக்கப்பட்டபோது, இறைவன் சொல்லின்முன் நடுங்குமாறு அவர் நீதிபதிக்கே அறிவுரை கூறினார். அதனை எள்ளி நீதிபதி சூட்டிய ‘குவேக்கர்’, அதாவது ‘நடுங்குவோர்’ என்னும் பெயரே இவர்களுக்கு நிலைத்துவிட்டது.

இவர்களின் வழிபாடு மௌனத்தில் அமைந்தது. உள்ளத்தில் தூண்டுதல் எழுந்தாலன்றி எவரும் வாய் திறவார். அக்கால ஆங்கிலத்தில் ஒருமையில் ‘நீ’ என்பதற்கு ஒரு சொல்லும், பெரியோரை மகிழ்விக்கும் பன்மை வழக்கு ஒன்றும் இருந்தன. மனத்தில் இல்லாத உயர்வை நாவில் ஏற்றுவது முகத்துதி எனக் கருதிய இவர்கள், செல்வரையும் ஏழையையும் ஒருமையிலேயே விளித்தனர். கடைவீதியிலும் அவ்வாறே. கொடுக்க எண்ணாத விலையைக் கூறிப் பேரம் பேசுவதும் பொய்யே எனக்கொண்டு, பொருளுக்கு ஒரே விலை சொன்னார்கள். முதலில் மக்கள் இவர்களை ஒதுக்கினர். பின்னர், சிறு குழந்தையை அனுப்பினாலும் இவர்கள் ஏமாற்றார் என்னும் நம்பிக்கை பரவவே, வாங்குவோர் தேடி வந்தனர் என்று ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார்.

ஆயினும் அரசு இவர்களை நம்பவில்லை. ஆணையிட மறுப்பதையே குற்றமாக்கிய சட்டம் 1662ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மூன்றாம் முறை குற்றவாளியாவோர் நாடு கடத்தப்படலாம். வேறு குற்றம் காண இயலாதபோது, அரச விசுவாச ஆணையை எடுக்குமாறு கூறிச் சிக்கவைப்பதும் வழக்கமாயிற்று.

1664ஆம் ஆண்டில் லங்காஸ்டர் நீதிமன்றத்தில் மார்கரெட் ஃபெல் என்னும் அம்மையார் நிறுத்தப்பட்டார். இவர் நீதிபதி ஒருவரின் கைம்பெண். இல்லத்தில் கூட்டம் நடத்துவதைக் கைவிட்டால் ஆணை கேட்கமாட்டோம் என்று அதிகாரிகள் சொல்லிப் பார்த்தனர். அம்மையார் இணங்கவில்லை. அரசரிடம் அவருக்குப் பகையில்லை. ஆணைதான் அவருக்குத் தடை. உடைமை பறிப்பும் வாழ்நாள் சிறையும் தண்டனையாக விதிக்கப்பட்டன. நான்கு ஆண்டுக்கால அச்சிறைவாசத்தின்போதுதான், இறைப்பணியில் பெண்கள் பேசும் உரிமையை நிலைநாட்டும் நூலொன்றை 1666இல் அவர் வெளியிட்டார். 1664ஆம் ஆண்டிலேயே ஃபாக்ஸும் அதே நீதிமன்றத்தில் நின்றார். ஆணையிடுவதற்காக விவிலியத்தை அவர் கையில் கொடுத்தனர். ஆணையிடாதே என்று சொல்லும் நூலைக் கொடுத்தே ஆணையிடச் சொல்கிறீர்களே என்ற கருத்துப்பட அவர் வினவினார். அவருக்குக் கிடைத்த விடை, புகையும் மழைநீரும் புகும் சிறையறை. 1666ஆம் ஆண்டிலேயே அவர் விடுதலை பெற்றார்.

சட்டம் தலை வணங்கியது

சிறைக்கு வெளியே இருந்தோருக்கும் இடர் குறையவில்லை. ஆணையிடாதவன் சான்று சொல்ல இயலாது. வராக் கடனுக்கு வழக்குத் தொடுத்தலும் அரிது. இத்தனை இழப்பையும் தாங்கியும் அவர்கள் ஒரு சொல்லை உச்சரிக்க மறுத்தனர். இறுதியில் சட்டமே இறங்கி வந்தது. ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி கூற 1696ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. குற்றவியல் வழக்குகளில் சான்று கூறும் உரிமை 1828இல்தான் கிட்டியது. 1833இல் ஜோசப் பீஸ் ஆணையிடாமலே, உறுதிமொழி கூறி நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். 1888ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை, மனச்சான்றின்படி ஆணையிட விரும்பாத அனைவருக்கும், சமயநம்பிக்கை இல்லாதோருக்கும் விரித்தது. பிரித்தானியச் சட்ட மரபைத் தழுவிய மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாட்சிக் கூண்டில் ஏறுவோர் உறுதிமொழி கூறும் வழி இருப்பது, அந்நெடும் போராட்டத்தின் பயன்களுள் ஒன்று எனலாம்.

ஆணையிட்டுப் பொய் பேசியோர் அன்றும் செல்வாக்கோடு வாழ்ந்தனர். ஆணையிடாமல் மெய் பேசியோர் சிறையில் வாடினர். ஆயினும் காலம் எவர் பக்கம் நின்றது என்பதை வரலாறு காட்டிவிட்டது. ‘சத்தியமாகச் சொல்கிறேன்’ என்று பேச்சுக்குப் பேச்சு சேர்ப்பது இன்று சிறுவர் முதல் முதியோர் வரை பரவியுள்ள பழக்கம். அச்சொல் தேவைப்படாத அளவுக்கு ஒருவன் வாழ்ந்துவிட்டால், அவன் சொல்லே அவனுக்குச் சான்றாகும். அச்சொல்லுக்கு அவன் நெஞ்சு சான்றாகும்.